பழைய ஷாட்கன்னின் குழலையும் சோக்கையும் பறவை வேட்டைக்குச் சீரமைத்தல்: அளப்பதிலிருந்து மறுசோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தவுடன் பெரும்பாலானோர் கேட்பது, இதன் சோக்கை, அதாவது குழல் வாயின் குறுகலைத் திறந்துவிடலாமா, குழலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்பதைத்தான். அந்தக் கேள்வி வரவேண்டிய இடம் கடைசி. குழலின் உட்புறத்திலிருந்து ஒருமுறை சுரண்டி எடுக்கப்பட்ட உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. ஆனால் தோட்டாவை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். குழலில் கை வைத்தே ஆகவேண்டும் என்று எண்ணுகிற துப்பாக்கிகளில் பலவற்றுக்கு வேறு வகைத் தோட்டா மட்டுமே போதுமானதாக இருக்கிறது என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. எனவே இங்கே சொல்லப்படும் வரிசை முக்கியமானது: முதலில் துப்பாக்கி சுடுவதற்குத் தகுதியானதா என்று பார்ப்பது, பிறகு அளப்பது, பிறகு தாளில் சுட்டுப் பார்ப்பது, பிறகு தோட்டாவை மாற்றிப் பார்ப்பது, அதற்கும் பிறகுதான் கைவினைஞரிடம் கொண்டுபோவது. உரிமம் பெற்ற துப்பாக்கியையும், பறவை வேட்டையைச் சட்டம் அனுமதிக்கும் இடத்தையும், அனுமதிக்கப்பட்ட பருவத்தையும் பறவையினத்தையும் மனத்தில் வைத்தே இவை எல்லாம் சொல்லப்படுகின்றன.

சோக் என்ன செய்கிறது

குழல் வாய்க்குச் சற்று முன்பாக உள்விட்டத்தைச் சில நூறில் ஒரு பங்கு அங்குலம் குறுக்குவதுதான் சோக். அந்தக் குறுகலைக் கடந்து வெளியேறும் ரவைக் கூட்டம், அதாவது தோட்டாவில் உள்ள சிறு உலோகக் குண்டுகளின் கூட்டம், உடனே சிதறிவிடாமல் இன்னும் கொஞ்ச தூரம் நெருக்கமாகவே செல்கிறது. இந்த முறைக்கு இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த பேப் என்ற துப்பாக்கித் தயாரிப்பாளர் 1866-இல் காப்புரிமை பெற்றார். 1870-களின் நடுவில் பர்மிங்ஹாமின் கிரீனர் அதைப் பரவலாக்கினார். அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் சோக் என்பதே பொதுவாக இருக்காது.

குழலின் பருமனை ‘போர்’ என்ற எண்ணால் குறிப்பார்கள்; 12 போர் துப்பாக்கியில் குழலின் வழக்கமான உள்விட்டம் 0.729 அங்குலம், அதாவது 18.5 மில்லிமீட்டர். அதிலிருந்து குழல் வாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதைக் கொண்டே சோக்குக்குப் பெயர் வைக்கிறார்கள். குறுகலே இல்லாவிட்டால் சிலிண்டர், 0.010 அங்குலம் குறுகியிருந்தால் இம்ப்ரூவ்டு சிலிண்டர், 0.020 என்றால் மாடிஃபைடு, இதையே அரை சோக் என்பார்கள், 0.035 முதல் 0.040 வரை என்றால் ஃபுல் சோக். இவை வழக்கில் உள்ள அளவுகளே தவிர, எல்லாத் தயாரிப்பாளர்களும் கட்டுப்பட்ட சட்டமல்ல. சோக்கின் உண்மையான வரையறை தாளில் இருக்கிறது: 40 கெஜ தூரத்தில், 30 அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள், தோட்டாவில் இருந்த ரவைகளில் நூற்றுக்கு எத்தனை விழுகின்றன என்பதே அது. சிலிண்டருக்கு 40, இம்ப்ரூவ்டு சிலிண்டருக்கு 50, மாடிஃபைடுக்கு 60, ஃபுல் சோக்குக்கு 70 என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கணக்கு.

பழைய துப்பாக்கிகளில் இரண்டு குழல்களும் இறுக்கமாகவே இருப்பதைப் பார்க்கலாம். 20 கெஜத்தில் ஃபுல் சோக்கின் ரவைக் கூட்டம் ஏறத்தாழ 16 அங்குல அகலமே இருக்கும். சிலிண்டரிலோ அது ஏறத்தாழ இரு மடங்கு. காடையோ கவுதாரியோ காலடியிலிருந்து எழுந்து பறக்கும் தூரத்தில் ஃபுல் சோக்கால் சுட்டால் தவறிப்போகும். தவறாவிட்டால் சமைக்க ஒன்றும் மிஞ்சாது. சோக்கைத் திறக்கவேண்டும் என்ற ஆசை பிறக்கும் இடம் இதுதான், அது நியாயமானதும்கூட.

முதல் படி: சுடத் தகுதியானதா என்று பார்ப்பது

துப்பாக்கியைத் திறந்து இரண்டு தோட்டா அறைகளும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகே எதையும் தொடங்கவேண்டும். அடுத்து குழல்களைக் கழற்றி, அவற்றின் அடிப்பக்கத்தில், பூட்டுப் பகுதியின் மேல் அமரும் தட்டையான இடத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் குறிகளைப் படிக்கவேண்டும். 1637-இல் சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் சங்கத்தின் சோதனைச் சாலை, 1813-இல் நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச் சாலை, பெல்ஜியத்தின் லியேஜ் சோதனைச் சாலை ஆகியவற்றின் குறிகளே பழைய துப்பாக்கிகளில் அதிகம் காணப்படுபவை. அமெரிக்கத் துப்பாக்கிகளில் அரசுச் சோதனைக் குறி இருக்காது. தயாரித்த நிறுவனத்தின் சொந்தக் குறி மட்டும் இருக்கும். இக்குறிகளில் தேடவேண்டியது ஒன்றுதான்: குழல் இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையற்ற நைட்ரோ மருந்துக்குச் சோதிக்கப்பட்டதா, பழங்காலக் கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதா என்பது. கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் இன்றைய தோட்டாவைப் போடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

குழலின் மேற்பரப்பில் சுருள் சுருளாக, மரத்தின் ரேகைபோன்ற கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். இரும்பையும் எஃகையும் முறுக்கி, ஒரு தண்டைச் சுற்றிச் சுற்றிப் பற்றவைத்துச் செய்யப்பட்ட குழல் அது; அதன் பற்றுகளுக்கு உள்ளே பரவியிருக்கும் துருவை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நிபுணர் ஒருவர் நேரில் ஆராய்ந்து எழுதித் தராதவரை அதைச் சுவரில் மாட்டி வைப்பதே நல்லது. அதன் சோக்கைத் திருத்தும் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது தோட்டா அறையின் நீளம். பழைய ஐரோப்பியத் துப்பாக்கிகளில் இது பெரும்பாலும் 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டாவோ 2¾ அங்குலம், 70 மில்லிமீட்டர். பலரும் ஏமாறும் இடம் இது, ஏனெனில் நீளமான தோட்டா குட்டை அறையில் தடையில்லாமல் நுழைந்து, துப்பாக்கியும் சுகமாக மூடிக்கொள்ளும். பெட்டியில் எழுதப்பட்டிருக்கும் நீளம் சுட்ட பிறகு தோட்டாவின் மடிப்பு விரிந்த நிலையில் உள்ள நீளம். குட்டை அறையில் அந்த மடிப்பு விரியும்போது அறைக்கு முன்னுள்ள கூம்புப் பகுதிக்குள் நீண்டு வழியைக் குறுக்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஒரு முறை, பத்து முறை தாங்கிய துப்பாக்கி எப்போதும் தாங்கும் என்று பொருளல்ல. அறையின் நீளத்தை அதற்கென உள்ள அளவுகோலால் அளக்கச் செய்து, அந்த நீளத்துக்கான தோட்டாவையே வாங்கவேண்டும்.

பிறகு குழலின் உட்புறம். குழலை வெளிச்சமான ஜன்னலுக்கோ விளக்கின் விளிம்புக்கோ நேராகப் பிடித்து, மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பார்க்கவேண்டும். நல்ல குழலில் ஒளியின் வளையங்கள் முழு வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும். நசுங்கல் இருந்தால் அந்த இடத்தில் வளையம் ஒரு பக்கம் உள்நோக்கி வளையும். புடைப்பு இருந்தால் குழலைச் சுற்றி முழு வளையமாக ஒரு கரிய நிழல் தெரியும். அதே இடத்தில் வெளிப்புறத்தை இரு விரல்களால் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத புடைப்பும் விரலுக்குத் தட்டுப்படும். நசுங்கலை அனுபவமுள்ளவர் உள்ளிருந்து அழுத்தி நிமிர்த்த முடியும். புடைப்பு என்பதோ ஏதோ ஒரு காலத்தில் குழலுக்குள் அடைப்பு இருந்தபோது சுடப்பட்டதன் தழும்பு. அங்கே உலோகம் நீண்டு மெலிந்திருக்கும்.

குழல்களை விரலில் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்ப்பதும் பயனுள்ள பழக்கம். ஓசை மணிபோல நீண்டு ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டைகளின் பற்று நன்றாக இருக்கிறது. வெடித்த பானையைத் தட்டியதுபோல மந்தமாக ஒலித்தால் எங்கோ பற்று விட்டிருக்கிறது. கடைசியாக, முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியின் குழலைப் பிடித்து இட வலமாக ஆட்டிப் பார்த்தால் பூட்டு தளர்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இவற்றில் எதில் சந்தேகம் வந்தாலும் மேற்கொண்டு போகாமல் துப்பாக்கி பழுதுபார்க்கும் கைவினைஞரிடம் காட்டவேண்டும்.

இரண்டாம் படி: அளப்பது

சோக் என்பது குழலின் உள்விட்டத்துக்கும் குழல் வாயின் விட்டத்துக்கும் உள்ள வேறுபாடு என்பதால் இரண்டையும் அளந்தே ஆகவேண்டும். வாயில் செருகிப் பார்க்கும் தகட்டுக் கருவிகள் வாயின் விட்டத்தை மட்டுமே காட்டுகின்றன. பழைய துப்பாக்கிகளுக்கு அவற்றால் பயனில்லை என்றே சொல்வேன். ஒரு குழலின் வாய் 0.710 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அக்குழலின் உள்விட்டம் 0.740 என்றால் குறுகல் 0.030, அதாவது ஃபுல் சோக்கை நெருங்கியது. உள்விட்டம் 0.725 என்றால் குறுகல் 0.015 மட்டுமே, மாடிஃபைடுக்கும் குறைவு. வாய் ஒன்றே, துப்பாக்கி முற்றிலும் வேறு. நாணயத்தை வாயில் வைத்துப் பார்த்து ஃபுல் சோக் என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கத்துக்கும் இதே குறைதான்.

உள்விட்டத்தை, நீண்ட தண்டின் முனையில் விரியும் கால்களும் மறுமுனையில் முள் சுழலும் மானியும் கொண்ட போர் கேஜ் மூலம் அளக்கிறார்கள். குழலின் பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் எடுக்கும் அளவே பழைய ஆங்கிலச் சோதனைக் குறிகளோடு ஒப்பிடத் தக்கது. அந்தக் குறிகளில் ‘12’ என்றிருந்தால் சோதனையின்போது உள்விட்டம் 0.729, ‘12/1’ என்றிருந்தால் 0.740, ‘13/1’ என்றிருந்தால் 0.719 என்று பொருள். ‘13/1’ என்று குறியுள்ள குழல் இன்று 0.730-க்கு மேல் அளவு காட்டினால், இடைப்பட்ட காலத்தில் யாரோ துருக்குழிகளை நீக்க உட்புறத்தைத் தேய்த்திருக்கிறார்கள் என்பதும், அந்தச் சோதனைக் குறி இப்போது செல்லாது என்பதும் தெளிவு.

சுவரின் தடிமன் இதைவிட முக்கியமானது, அதிகம் மறக்கப்படுவதும் அதுவே. வெளியிலிருந்து பார்த்தால் புதிதாய் மின்னும் குழல், உள்ளே பலமுறை தேய்க்கப்பட்டதால் நடுப்பகுதியில் தாள்போல் மெலிந்திருக்கக்கூடும். குழலின் முன்பாதியில் 0.020 அங்குலத்துக்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்குக் குறைவாக எங்கேனும் இருந்தால் பெரும்பாலான கைவினைஞர்கள் அதைக் கவலைக்குரியதாகவே கருதுவார்கள். பின்பகுதியில், அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தில், இதைவிடப் பல மடங்கு தேவை. இந்த அளவீட்டைச் சுற்றிலும் பல இடங்களில் எடுத்து எழுதித் தருமாறு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாம் படி: தாளில் சுட்டுப் பார்ப்பது

இந்த வழிகாட்டியில் அதிகப் பொறுமை தேவைப்படும் பகுதி இது. சுமார் 4 அடிச் சதுரமுள்ள தாள்கள் பலவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, பின்புறம் பாதுகாப்பான மண்மேடு உள்ள இடத்தில் ஒரு சட்டத்தில் ஒவ்வொன்றாக மாட்டவேண்டும். நடுவில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு புள்ளி போதும். 30 அங்குல வட்டத்தை முன்கூட்டியே வரையக்கூடாது. சுட்ட பிறகு, துளைகள் எங்கே அடர்த்தியாக விழுந்தனவோ அதை மையமாகக் கொண்டே வரையவேண்டும். வட்டத்துக்கும் புள்ளிக்கும் உள்ள விலகல் தனியான செய்தி: குழல் குறிக்கும் இடத்தில் சுடுகிறதா என்பதை அது சொல்கிறது.

முழுக் கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். 1⅛ அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 32 கிராம் எடையில் அமெரிக்க 6-ஆம் எண் ஈயரவை கொண்ட தோட்டாவில், அவுன்ஸுக்கு 225 என்ற கணக்கில் சுமார் 253 ரவைகள் இருக்கும். 40 கெஜத்தில் சுட்டு, வட்டத்துக்குள் 185 துளைகள் எண்ணப்பட்டால் அது 73 விழுக்காடு. குழலில் என்ன எழுதியிருந்தாலும் அது இந்தத் தோட்டாவோடு ஃபுல் சோக்காகவே சுடுகிறது. ரவை எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆங்கில 6-ஆம் எண்ணில் அவுன்ஸுக்கு 270 ரவைகள் என்பதால் தோட்டா எந்த நாட்டு அளவைப் பின்பற்றுகிறது என்று பார்த்தே கணக்கிடவேண்டும். ஒரே தாளை வைத்து முடிவெடுப்பது வீண், ஏனெனில் ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் இடையே வேறுபாடு இயல்பு. ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு வகைத் தோட்டாவிலும் ஐந்து தாள்களாவது சுட்டுச் சராசரி எடுக்கவேண்டும்.

விழுக்காட்டோடு நிறுத்திவிடக்கூடாது. வேட்டையாடப்போகும் பறவையின் உடலளவுக்கு வட்டமாக ஓர் அட்டையை வெட்டி, தாளின் மேல் நகர்த்திப் பார்த்தால், அதற்குள் ஒரு துளைகூட விழாத வெற்றிடங்கள் எத்தனை என்பது தெரியும். சோக் அளவுக்கு மீறி இறுகினால் நடுவில் கூட்டமும் ஓரத்தில் வெறுமையும் ஏற்படும். தவிர, 40 கெஜம் என்பது ஒப்பீட்டுக்கான தூரமே. உண்மையில் பறவைகள் சுடப்படும் தூரம் 20 கெஜமென்றால் அதே தூரத்திலும் சில தாள்களைச் சுட்டுப் பார்க்கவேண்டும்.

குறிக்கும் இடத்தைச் சோதிக்க 16 கெஜம் வசதியான தூரம். அங்கே ரவைக் கூட்டத்தின் மையம் புள்ளியிலிருந்து ஓர் அங்குலம் விலகினால், தோளில் அணைக்கும் கட்டையின் அமைப்பில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் திருத்தவேண்டும் என்பது பழகிய கணக்கு. குழலின்மேல் பழி போடப்படும் பல கோளாறுகள் கன்னம் படும் கட்டையின் உயரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இரு குழல்களும் வெவ்வேறு இடங்களில் சுட்டால் அது குழல்களின் இணைப்பு பற்றியது, கட்டையால் தீராது.

நான்காம் படி: தோட்டாவை மாற்றிப் பார்ப்பது

பழைய துப்பாக்கிகளின் சோக், மருந்துக்கும் ரவைக்கும் இடையே கம்பளி அல்லது நார் அடைப்பான்கள் இருந்த காலத்தின் தோட்டாக்களுக்காக வெட்டப்பட்டது. அந்தத் தோட்டாக்களில் வெளி ஓரத்து ரவைகள் குழலோடு உரசித் தட்டையாகி, வெளியே வந்ததும் கூட்டத்தைவிட்டு விலகிப் போயின. இன்றைய பிளாஸ்டிக் கிண்ணம் ரவைகளை உரசலிலிருந்து காக்கிறது. ஆண்டிமணி கலந்த கடின ஈயம் அழுத்தத்தில் எளிதில் உருக்குலைவதில்லை. விளைவாக, அரை சோக்காக விற்கப்பட்ட பழைய குழல் இன்றைய தோட்டாவில் ஃபுல் சோக்காகச் சுடுவது சாதாரணம்.

ஆகவே பரவலைத் திறப்பதற்கான முதல் முயற்சி நார் அடைப்பான் கொண்ட தோட்டா. அதற்கு அடுத்தது, ரவைகளுக்கு நடுவே குறுக்குத் தடுப்பு வைத்து வேண்டுமென்றே சிதறச் செய்யும் ஸ்ப்ரெடர் தோட்டா. வேகம் குறைந்த மென்மையான தோட்டா வேறு பரவலைத் தரலாம். பழைய பூட்டுக்கும் அதுவே இதம். இவை ஒவ்வொன்றையும் முன்பு சொன்ன முறையில் தாளில் சுட்டு, முந்தைய சராசரியோடு ஒப்பிடவேண்டும். அருகில் எழும் பறவைக்கு ஒரு குழலில் ஸ்ப்ரெடர், தூரத்துக்கு மறு குழலில் வழக்கமான தோட்டா என்று பிரித்துக்கொண்டால் இரண்டு விசைகள் கொண்ட துப்பாக்கியில் எந்த உலோக வேலையும் இல்லாமலேயே இரண்டு சோக்குகள் கிடைத்துவிடுகின்றன.

இங்கே எஃகு ரவை பற்றிச் சொல்லியாகவேண்டும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரி முதலும் ஈயரவைக்குத் தடை இருக்கிறது. எஃகு ஈயத்தைப்போல நசுங்கி வழிவிடாது. மெல்லிய சுவரும் இறுகிய சோக்கும் கொண்ட பழைய குழலில் அது குழல் வாய்க்கு அருகே வளையப் புடைப்பை உண்டாக்கக்கூடும். நைட்ரோ சோதனை பெற்ற நல்ல குழலில்கூட அரை சோக்குக்கு மேல் இறுக்கமாக இருந்தால் எஃகு ரவையைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. அறை குட்டையாகவோ சுவர் மெலிந்தோ இருந்தால், விலை கூடுதலானாலும் பிஸ்மத் ரவைதான் தக்கது; ஈயத்தைவிடச் சற்று எடை குறைந்தது என்றாலும் அதைப்போலவே மென்மையானது.

ஐந்தாம் படி: உலோக வேலையைக் கைவினைஞரிடம் ஒப்படைப்பது

இதுவரை சொன்ன எல்லாம் செய்தும் பரவல் இறுகியே இருந்தால், குழலின் சுவரும் தாங்குமானால், வேலையைத் தகுதிபெற்ற கைவினைஞரிடம் கொடுக்கலாம். மணல்தாள் சுற்றிய கட்டையைத் துளைப்பான் இயந்திரத்தில் மாட்டி வீட்டிலேயே சோக்கைத் தேய்க்கும் முயற்சியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குழலின் மையத்தோடு ஒத்திராமல் ஒரு பக்கமாகத் தேய்ந்த சோக், ரவைக் கூட்டத்தையும் ஒரு பக்கமாகவே தள்ளும்.

சோக்கைத் திறப்பது. கைவினைஞர் குழலின் உள்விட்டத்தை வழிகாட்டியாகக் கொண்ட வெட்டுக் கருவியால் சிறிது சிறிதாக உலோகத்தை நீக்கி, பிறகு மெருகேற்றுவார். அவரிடம் ‘இம்ப்ரூவ்டு சிலிண்டர் ஆக்கித் தாருங்கள்’ என்று சொல்வதைவிட, உங்கள் தாள்களைக் காட்டி, இந்தத் தோட்டாவோடு இந்தத் தூரத்தில் இத்தனை விழுக்காடு வேண்டும் என்று சொல்வதே சரி. ஒரே நாளில் 0.040-லிருந்து 0.010-க்குக் கொண்டுபோகாமல், 0.005 அங்குலமாகத் திறந்து, இடையிடையே தாளில் சுட்டு, வேண்டிய பரவல் கிடைத்தவுடன் நிறுத்தச் சொல்லவேண்டும். இரட்டைக் குழலில் முதலில் சுடும் குழலை மட்டும் திறந்து, மற்றதை இருந்தபடியே விட்டுவிடுவது பெரும்பாலும் போதுமானது. உட்புறம் குரோம் பூசிய குழலில் இந்த வேலை கடினம். பூச்சு உரிந்தால் பிறகு தொல்லை.

திருகு சோக் பொருத்துவது. குழல் வாயில் மரை வெட்டி, கழற்றி மாட்டும் சோக்குகளைப் பொருத்தும் இம்முறைக்கு வாயருகே நல்ல தடிமன் வேண்டும். கனமான ஒற்றைக் குழல் துப்பாக்கிகள் இதற்குப் பொருந்தும். மெல்லிய குழல் வாய் கொண்ட பழைய இரட்டைக் குழல்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. கூடவே பழம்பொருள் மதிப்பும் போய்விடும்.

சோக்கே இல்லாத குழலுக்குப் பரவலை இறுக்குவது. வாய்க்குச் சற்றுப் பின்னால் உட்புறத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி, அதன்பிறகு வாய் குறுகலாகத் தோன்றும்படி செய்யும் ஜக் சோக் என்ற முறை இருக்கிறது. இதுவும் தடித்த சுவருக்கு மட்டுமே.

குழலைக் குறைப்பது. இதை நான் விரும்புவதில்லை. சோக் குழலின் கடைசி ஓரிரு அங்குலங்களில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டினால் மிஞ்சுவது சிலிண்டர் குழல். இரட்டைக் குழலில் வாயருகே பட்டைகளுக்கு இடையே திறப்பு உண்டாகும். இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் சுடும்படி தயாரிப்பாளர் செய்திருந்த ஒழுங்கும் மாறக்கூடும். குட்டையான குழல் கையில் சுறுசுறுப்பாகத் திரும்பும் என்பது உண்மையே, ஆனால் அதே காரணத்தால் பறக்கும் பறவையைத் தொடர்ந்து செல்லும்போது பாதியில் நின்றுவிடுகிறது. சட்டமும் குறுக்கே நிற்கிறது: அமெரிக்காவில் 18 அங்குலத்துக்கும், பிரிட்டனில் 24 அங்குலத்துக்கும் குறைவான ஷாட்கன் குழல் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உரியது, வேறு நாடுகளில் அனுமதியின்றிக் குழலைக் குறைப்பதே குற்றமாகலாம். நீளத்தால் வேகம் பெரிதும் கூடுகிறது என்று அஞ்சவும் வேண்டியதில்லை, குறைகிறது என்று வருந்தவும் வேண்டியதில்லை. இன்றைய மருந்தில் ஓர் அங்குலத்துக்கு நொடிக்கு 5 முதல் 10 அடி வரையே வேறுபாடு.

அறைக்கு முன்னுள்ள கூம்புப் பகுதியை நீட்டுவதும், 2½ அங்குல அறையை 2¾ ஆக்குவதும் அடிக்கடி பேசப்படும் வேலைகள். முதலாவது உதைப்பைச் சற்று மென்மையாக்கலாம் என்பார்கள். அறையை நீட்டுவதோ அழுத்தம் உச்சத்தில் உள்ள இடத்திலேயே சுவரை மெலிதாக்குவது. நீளம் பொருந்தும் தோட்டா கிடைக்கும்போது அறையைத் தொடாமல் விடுவதே புத்திசாலித்தனம்.

ஆறாம் படி: வேலை முடிந்த பிறகு

உலோகம் நீக்கப்பட்ட குழலைச் சோதனைச் சாலை உள்ள நாடுகளில் மறுசோதனைக்கு அனுப்பவேண்டியிருக்கலாம். சோதனைக் குறி செல்லாத துப்பாக்கியை விற்பது பிரிட்டனில் குற்றம். கைவினைஞரிடமிருந்து துப்பாக்கியைப் பெறும்போது புதிய உள்விட்டம், குழல் வாய் அளவு, சுவரின் மிகக் குறைந்த தடிமன் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பழைய அளவுகளோடு ஒரே தாளில் வைத்திருக்கவேண்டும். முதல் சுடுதலுக்கு முன் உட்புறத்தில் உலோகத் துகளோ துடைக்கும் துணியோ எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் வளையப் புடைப்புகளில் கணிசமானவை அப்படித்தான் உண்டாகின்றன. ஒரே பையில் 12 போர், 20 போர் தோட்டாக்களைக் கலந்து வைப்பதும் அதே அளவு ஆபத்து. 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் சறுக்கிச் சென்று கூம்பில் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதற்காகவே வந்தது.

பிறகு மீண்டும் தாள். இரு குழல்களுக்கும், வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவோடு, 20 கெஜத்திலும் 40 கெஜத்திலும் ஐந்தைந்து தாள்கள் சுட்டு, விழுக்காட்டையும் வெற்றிடங்களையும் குறித்துக்கொள்ளவேண்டும். அட்டை வட்டத்தை நகர்த்திப் பார்க்கும்போது வெற்றிடங்கள் தென்படத் தொடங்கும் தூரம் எதுவோ, அதுதான் அந்தக் குழலின் எல்லை. அதற்கு அப்பால் பறக்கும் பறவையை அந்தத் துப்பாக்கியால் சுடக்கூடாது. தோட்டாவின் தயாரிப்போ ரவை அளவோ மாறினால் அந்த எல்லையும் மாறும் என்பதால், புதிய பெட்டி வாங்கும் ஒவ்வொரு முறையும் வேட்டைக்கு முன் இரண்டு தாள்களாவது சுட்டுப் பார்த்துவிடவேண்டும்.